கரை சேராத உறுப்பினர்

எழுபதுகளின் தொடக்கத்தில் கும்மிடிப்பூண்டியை ஒட்டிய ஊராட்சி ஒன்றிய அலுவலகம் ஒன்றில் நான் முக்கிய சேவிகாவாக வேலை பார்த்தேன். மாதர் சங்கங்களைக் கூட்டுவது, குழந்தைகளுக்குப் பால்பொடி போய்ச் சேருகிறதா என்று பார்ப்பது, கிராமத்துப் பெண்கள் சொல்லும் குறைகளை எழுதிவந்து மேசையில் வைப்பது ஆகியவை என் பணிகள். எங்கள் ஒன்றியத்தின் மேற்கே நெல்வயல்கள். நெடுஞ்சாலை ஓரமாக ஒன்றிரண்டு தொழிற்சாலைகள் சுவர் எழுப்பிக்கொண்டிருந்தன. கிழக்கே பழவேற்காடு ஏரியும் அதன் கரையில் மீனவர் குப்பங்களும்.

ஒருநாள் மேலிடத்திலிருந்து சுற்றறிக்கை வந்தது. ஒன்றியம்தோறும் வறுமை ஒழிப்புக்கென ஓர் ஆலோசனைக் குழு அமைக்க வேண்டும். அலுவலர்கள் அதில் உறுப்பினர்கள். அவர்களோடு, ஏழைகளின் குறைகளை அவர்கள் சார்பில் எடுத்துரைக்கக்கூடிய ஒருவரையும் நியமிக்க வேண்டும். எங்கள் ஆணையர் நல்லவர், ஆனால் சிக்கலை விரும்பாதவர். அந்த இடத்துக்கு அரிசி ஆலை முதலாளி ஒருவரை அவர் மனத்தில் வைத்திருந்தார். நான் குப்பத்து மக்களில் ஒருவரைப் போடலாமே என்றேன்.

"குப்பத்து ஆளா? நாலு ஆபீசர் நடுவுல உக்காந்து பேசுவாங்களாம்மா?"

"பேசறதுக்குத்தானே சார் அந்த இடமே."

அவர் பேனாவை மூடினார். "சரி. ஒரே ஒரு பேரு. சண்டை இல்லாம வாங்கிட்டு வாங்க. மொட்டை பெட்டிஷன் ஒண்ணு வந்தாலும் ரைஸ் மில்காரர்தான்."

பழவேற்காடு வரை பேருந்திலும் அங்கிருந்து படகிலும் போனேன். வெயில் உச்சிக்கு வரும் வேளையில் குப்பத்தின் நடுவே மணலில் ஊர் கூடியிருந்தது. நான் வந்த காரணத்தைச் சொல்லி முடித்ததும் பெண்கள் பக்கத்திலிருந்து ஒரு குரல் வந்தது.

"சர்க்காரு நாற்காலியாமே. அதுல உக்காந்தா நம்ம மீனு நாத்தம் பூடுமா?"

"நமக்குப் போவாதுடி. நாற்காலிக்கு வந்துடும்."

எல்லோரும் சிரித்தார்கள். ஊர்த் தலைவர் மட்டும் சிரிக்கவில்லை. யாரைத் தேர்ந்தெடுத்தாலும் மற்றவனுக்குப் பொறுக்காது, ஆகவே பாடு எடுப்பதுபோல எடுத்துவிடலாம் என்றார். ஏரியில் மீன் அதிகம் படும் இடங்களில் யார் எந்த நாளில் வலை கட்டுவது என்று குலுக்கிப் போட்டுப் பிரித்துக்கொள்ளும் முறைக்கு அங்கே பாடு என்று பெயர். மணமான ஆண் ஒவ்வொருவனுக்கும் அதில் ஒரு பங்கு உண்டு. அவனவன் வலையின் மிதவைக் கட்டையில் தன் அடையாளத்தை வெட்டி வைத்திருப்பான். கட்டைகளைப் பானையில் போட்டுக் குலுக்குவார்கள். எது கைக்கு வருகிறதோ அதற்குரியவனுக்கு முறை. ஊரின் அடுப்பு எரிவது இந்த ஒரு வழக்கத்தினால்தான். மறுபேச்சுக்கே இடமில்லாத அந்த ஒழுங்கு எனக்குப் பிடித்திருந்தது.

பானை வந்தது. வீடு வீடாகக் கட்டைகள் வந்து விழுந்தன. தலைவர் முகத்தைக் கடலின் பக்கம் திருப்பிக்கொண்டு கையை உள்ளே விட்டார். வெளியே வந்த கட்டையைப் பார்க்காமலே ஒருமுறை விரல்களால் தடவினார். பிறகு உள்ளங்கையைத் தன் வேட்டியில் துடைத்துக்கொண்டார். கட்டை ஈரமாக இருந்தது. பானைக்குள் எட்டிப் பார்த்தேன். மற்றவை எல்லாம் வெயிலில் காய்ந்து வெளுத்துக் கிடந்தன.

சிரித்த பெண்கள் முந்தானையை இழுத்து மூடிக்கொண்டார்கள்.

"யாருடையது?" என்று கேட்டேன்.

தலைவர் ஒரு பெயரைச் சொன்னார். பிறகு, "அவன் வலை இன்னிக்குத் தண்ணியில கெடந்துது. அதுலேர்ந்து அவுத்துக்கினு வந்தாங்க. அதான் ஈரம்" என்றார். அது எனக்குச் சொன்னதுபோல் இல்லை. தனக்கே சொல்லிக்கொண்டது போலிருந்தது.

அந்த மனிதன் ஈராண்டுக்கு முன், ஐப்பசிக் காற்றில், முகத்துவாரத்தைத் தாண்டிப் போனவன். கட்டுமரம் மட்டும் திரும்பி வந்து மணலில் ஒதுங்கியது. இதைத் தலைவரின் வாயால் கேட்டதும், "அப்படியானா இன்னொரு தடவை எடுக்கலாமே" என்றேன்.

"அது ஆவாதும்மா. எடுத்தது எடுத்ததுதான். புடிக்கலன்னு இன்னொரு தபா எடுத்தா, நாளைக்குப் பாட்டுக்கு எவன் கட்டுப்படுவான்? ஊரே அடிச்சிக்கும்."

"ஆனா, அவர்தான் இல்லையே."

கூட்டம் முழுவதும் என்னைத் திரும்பிப் பார்த்தது. எனக்குப் பக்கத்திலிருந்த பெண் வாயைக் கையால் பொத்திக்கொண்டாள். பின்வரிசையிலிருந்து முப்பது வயது மதிக்கத்தக்க ஒருத்தி எழுந்து வந்தாள். மஞ்சள் பூசிய முகம். நெற்றியில் பெரிய குங்குமப் பொட்டு.

"இல்லன்னு யாரும்மா சொன்னது? இன்னும் வரல. அவ்ளோதான். அவரு பாட்ட நான்தான எடுத்துக்கினு கீறேன். இதையும் எடுக்கறேன். நாற்காலி எங்க கீதுன்னு சொல்லு, வரேன்."

அவள்தான் அவன் மனைவி. அந்தக் குப்பத்தின் வழக்கத்தைத் தலைவர் படகடி வரை வந்து எனக்கு விளக்கினார். உடல் கரை சேராத மனிதனை அவர்கள் இறந்தவன் என்று சொல்வதில்லை. அவனுடைய கட்டை பானையில் விழுந்துகொண்டே இருக்கும். அவன் முறை வந்தால் வீட்டார் வலை கட்டிக்கொள்ளலாம். அவளுக்காக அவள் கொழுந்தன் வலை கட்டினான். அந்த மீனில்தான் அவளும் இரண்டு பெண் குழந்தைகளும் உண்டார்கள். இறந்தவனுடைய பங்கோ மகனுக்குப் போகும். மகன் இல்லாவிட்டால் ஊருக்குத் திரும்பிவிடும். அவளுக்கு மகன் இல்லை.

இத்தனையும் கேட்டுக்கொண்டுதான் படகேறினேன். கேட்டும் நான் செய்த காரியத்தை இன்று எழுதும்போதும் என் கை தயங்குகிறது.

ஊரார் சொல்ல நான் எழுதிய தீர்மானத்தில், குலுக்கலில் வந்தது அவன் பெயர், அவன் சார்பில் மனைவி வருவாள் என்று தெளிவாக இருந்தது. கைரேகைகளும் இருந்தன. அலுவலகத்தில் தலைமை எழுத்தர் அதைப் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார்.

"கடலுக்குப் போன ஆளு பேர உறுப்பினர்னு போட்டா ஆணையர் கையெழுத்துப் போடுவாரா? ரைஸ் மில்காரர் கார் எடுத்துக்கினு வந்துடுவாரும்மா."

அவர் சொன்னது சரிதான் என்று தோன்றியது. எந்தச் சொல்லைப் போட்டால் எந்தக் கோப்பு நகரும் என்பது அலுவலகத்தில் சில ஆண்டுகள் இருந்தவர்களுக்குத் தெரியும். நான் பரிந்துரையில் அவள் பெயரை எழுதி, காலஞ்சென்ற இன்னாரின் மனைவி, ஆதரவற்ற விதவை என்று சேர்த்தேன். அவளுக்கு நன்மை செய்வதாகவே நினைத்தேன். மாலைக்குள் கையெழுத்தாகிவிட்டது. நியமன ஆணையின் நகல் கிராமத்துக்குப் போயிற்று. தலையாரி பறை தட்டி அதை ஊருக்குப் படித்தான்.

பத்து நாள் கழித்து முதல் கூட்டத்துக்கான அறிவிப்பை நானே எடுத்துக்கொண்டு போனேன். படகிலிருந்து இறங்கியபோது கரையில் வலை பிரித்துக்கொண்டிருந்தவர்கள் தலை நிமிரவில்லை. குப்பத்துக்குள் நடந்தேன். உச்சி வெயிலில் எல்லா வீட்டுக் கதவுகளும் சாத்தியிருந்தன. மீன் உலர்த்தும் இடத்தில் காகம்கூட இல்லை. அவள் வீட்டுக் கதவு மட்டும் திறந்திருந்தது.

வாசல் மணலில் ஈரக் காலடிகள் இருந்தன. பெரிய, ஆண் காலடிகள். ஏரி நீரின் விளிம்பிலிருந்து நேராக அவள் வாசற்படி வரை வந்திருந்தன. திரும்பிப் போன தடம் இல்லை. கொழுந்தனோ அண்டை வீட்டுக்காரனோ உள்ளே இருப்பான் என்று எண்ணிக்கொண்டு குனிந்து பார்த்தேன். அவள் மட்டும் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். அந்தச் சிறிய குடிசையில் வேறு வழி ஏதும் இல்லை.

"உக்காரும்மா," என்றாள். "தெனைக்கும் இந்த நேரத்துக்குத்தான். தப்பட்ட சத்தம் கேட்ட நாள்லேர்ந்து."

"யார் வந்தது?"

"நான் நிமுந்து பாக்கல. பாத்தா கேப்பாரு. என்னிய செத்துட்டான்னு எவ எழுதனதுன்னு கேட்டா, நான் இன்னா சொல்றது?"

என் பெயரைச் சொல்லலாம் என்று சொல்ல வாயெடுத்தேன். வாசல் மணலின் ஈரம் கண்ணில் பட்டதும் வாயை மூடிக்கொண்டேன். அவள் நெற்றியைப் பார்த்தேன். குங்குமம் அப்படியே இருந்தது. ஆனால் பறை தட்டிய நாளிலிருந்து ஊரில் ஒரு பெண்ணும் தன்னிடம் பூ வாங்கிக்கொள்வதில்லை, தனக்கும் கொடுப்பதில்லை என்று அவள் சொன்னாள்.

தலைவரைத் தேடிப் போனேன். அவர் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் எனக்கு எளிதாக இருந்திருக்கும்.

"கரைக்கு வராத ஆள செத்தான்னு சொல்லக் கூடாதும்மா. சொன்னா கேக்க வருவான். எங்கப்பன் காலத்துலேர்ந்து யாரும் சொன்னதில்ல. நீங்க முத்திர போட்டு எழுதிட்டீங்க." அவர் ஏரியைப் பார்த்தபடி பேசினார். "பௌர்ணமி தாண்டிப் பாடு எடுக்கறோம். அந்தக் காயிதம் அப்பிடியே இருந்துச்சின்னா அவன் கட்டைய பானையில போட முடியாது. சர்க்காரே போய்ட்டான்னு சொன்னப்புறம், நாங்க இன்னா சொல்லி வச்சிக்கினு இருக்கறது?"

பௌர்ணமிக்கு எட்டு நாள் இருந்தது.

ஆணையரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். காலடிகளை மட்டும் விட்டுவிட்டேன். அவர் பொறுமையாகக் கேட்டார்.

"காலஞ்சென்றன்னு எழுதினதை எடுக்கணும்னா, ஆள் உயிரோட இருக்கார்னு யாராவது சர்டிபிகேட் குடுக்கணும். யார் குடுப்பா?"

கிராம முன்சீப்பிடம் போனேன். "ஆள இட்டுக்கினு வாங்க, இப்பவே எழுதித் தரேன்" என்று அவர் சிரித்தார். இரண்டு நாள் போயிற்று. மூன்றாம் நாள் அந்தக் கோப்பை முதல் தாளிலிருந்து படித்தேன். ஊரார் தீர்மானம் அடியில் இருந்தது. அதில் தேர்வானவன் அவன். நான் எழுதிய பரிந்துரைதான் அதனோடு பொருந்தவில்லை. அவன் உயிரோடு இருப்பதை யாரும் நிரூபிக்கத் தேவையில்லை. நான் தவறாகப் படியெடுத்தேன் என்று ஒப்புக்கொண்டால் போதும்.

அவ்வாறே எழுதிக் கொடுத்தேன். ஆணையர் இருமுறை படித்தார். "எழுத்துப் பிழைன்னு திருத்தாணை போடலாம். அதுல ஆள் இருக்காரா இல்லையான்னு கேக்க எடமே இல்ல. உங்களுக்கு ஒரு மெமோ வரும்மா, பரவாயில்லையா?"

வந்தது. என் பணிக்காலத்தில் நான் பெற்ற ஒரே குறிப்பாணை அது. திருத்திய ஆணைப்படி அவன் உறுப்பினன்; அவன் வரும்வரை மனைவி அவன் சார்பில் குழுவில் பேசலாம். பௌர்ணமிக்கு முதல் நாள் தலையாரி மறுபடி பறை தட்டினான். பௌர்ணமி கழிந்து பாடு எடுத்தபோது அவன் கட்டையும் பானையில் விழுந்தது என்றும், பறை தட்டிய பகலிலிருந்து வாசல் மணல் காய்ந்தே இருக்கிறது என்றும் படகுக்காரர் மூலம் எனக்குச் செய்தி வந்தது.

முதல் கூட்டம் பிற்பகலில் நடந்தது. அவள் தனக்கென ஒரு முக்காலியைக் கேட்டு வாங்கி, உறுப்பினருக்குரிய நாற்காலியின் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தாள். நாற்காலி காலியாக இருந்தது. ஆணையர் வருகைப் பதிவேட்டைப் படித்தார். ஒவ்வொரு பெயருக்கும் ஒருவர் குரல் கொடுத்தார். அவன் பெயரைப் படித்ததும் நிறுத்தினார். பதினொரு பேர், படித்தவர்கள், பொறுப்பான பதவியில் இருப்பவர்கள், அந்த நாற்காலியைப் பார்த்துக்கொண்டு சற்று நேரம் காத்திருந்தோம்.

"வரல," என்றாள் அவள்.

நான் அப்படியே எழுதினேன். எல்லோரும் மூச்சு விட்டது எனக்குக் கேட்டது.

இரண்டாம் கூட்டத்திலும் அவன் வரவில்லை. அவள் எழுந்து நின்று பேசினாள். "ஊத்துத் தண்ணி உப்பாப் பூடுச்சின்னு சொல்லச் சொன்னாரு. பொம்பளைங்க படகுல போய்க் குடத்துல மொண்டுக்கினு வராங்க. ஒரே ஒரு அடிகொழா போட்டுக் குடுங்க."

"அங்க எங்க தோண்டினாலும் உப்புதானேம்மா," என்றார் வட்டாட்சியர். "எந்த எடத்துல போடணும்னு சொன்னாரு?"

கேட்ட பிறகுதான் தாம் கேட்டது அவருக்குப் புரிந்தது. முகம் மாறியது. அவள் சாதாரணமாகப் பதில் சொன்னாள்: "தாழம்பொதரு மேட்டுல."

தாழம்புதர் மேட்டில் அடிகுழாய் இறக்கினார்கள். நல்ல தண்ணீர் வந்தது. அந்த மேட்டின் அடியில் நல்ல நீர் உண்டு என்பது குப்பத்துப் பெண்களுக்கு எப்போதோ தெரிந்திருக்கலாம். யாரும் அவர்களைக் கேட்டதில்லை. இந்த விளக்கத்தை நான் ஆணையரிடம் சொன்னேன். "இருக்கும்" என்றார். அதன் பிறகு உதவியாளர் அந்த நாற்காலியின் முன்னாலும் ஒரு கோப்பைத் தேநீர் வைப்பதை அவர் தடுக்கவில்லை.

மூன்றாம் கூட்டத்துக்கு முந்தின வாரம் தலைமை எழுத்தர் சுற்றறிக்கையின் கடைசிப் பக்கத்தை என்னிடம் காட்டினார். தொடர்ந்து மூன்று கூட்டங்களுக்கு வராத உறுப்பினரின் இடம் காலியானதாகக் கருதப்பட்டு, அந்த அறிவிப்பு கிராமத்தில் படிக்கப்பட வேண்டும் என்றிருந்தது. மறுபடி பறை தட்டுவார்கள்; அவன் இனி வரமாட்டான் என்றே ஊர் அதைக் கேட்கும், அவன் கட்டை பானைக்குப் போகாது. இம்முறை சொல்லித் திருத்த எழுத்துப் பிழை எதுவும் இருக்காது. நான் அவளுக்கு ஆள் அனுப்பி இதைச் சொன்னேன். "சரி" என்று மட்டும் சொல்லியனுப்பினாள்.

அன்று மழை மேகம். அறையில் விளக்குப் போட்டிருந்தார்கள். அவள் முக்காலியில் அமர்ந்து கைகளை மடியில் கோத்துக்கொண்டாள். பெயர்கள் படிக்கப்பட்டன. அவன் பெயருக்கு வந்ததும் ஆணையர் நிறுத்தினார். அவள் வாயைத் திறக்கவில்லை. வரவில்லை என்று அவள்தான் சொல்ல வேண்டும். சொன்னால் எல்லாம் முடிந்தது. தேநீரிலிருந்து ஆவி எழுந்துகொண்டிருந்தது. அறைக்குள் ஏரிச் சேற்றின் வாடை வந்தது. அவள் சேலையிலிருந்து வந்திருக்கும். வட்டாட்சியர் தம் நாற்காலியைச் சத்தமில்லாமல் சற்று விலக்கிக்கொண்டார்.

"எழுதுங்கம்மா," என்றார் ஆணையர்.

"என்னன்னு சார்?"

அவர் என்னைப் பார்க்கவில்லை. "வந்திருக்கார்னு."

எதிர்ப்பு ஏதேனும் வருமா என்று சுற்றிப் பார்த்தேன். பத்து முகங்களும் மேசையைப் பார்த்துக் குனிந்திருந்தன. பொய்யான ஒரு பதிவை என் கையால் எழுதியதில்லை என்ற பெருமை எனக்கு அதுவரை உண்டு. எழுதினேன். மை காயும் வரை நாற்காலியின் பக்கம் திரும்பவில்லை. அவள் தன் முக்காலியை ஓர் அங்குலம் இப்பால் நகர்த்தும் ஓசை கேட்டது; ஒருவர் கால் நீட்ட இடம் விடுவதுபோல.

வழக்கமாகக் கூட்டம் முடிந்ததும் அவளோடு பேருந்து நிறுத்தம் வரை நடப்பேன். வழியெல்லாம் அதிகாரிகளை நடித்துக் காட்டிச் சிரிக்க வைப்பாள். அன்று பேசவில்லை. சாலையின் ஓரமாக, தனக்கு முன்னால் யாரோ நடப்பதுபோல, இரண்டடி பின்தங்கியே வந்தாள்.

"பாடு போகாது. இனி பயம் இல்லை," என்றேன்.

"தெரியும்மா. நீ நல்லதுதான் பண்ண." முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். "வரலன்னு எழுதிக்கினு இருந்த வரைக்கும் நான் பாட்டுக்குத் தனியாப் போயி தனியா வந்துக்கினு இருந்தேன். இன்னிக்கு வந்தாருன்னு எழுதிட்டாங்க. உட்டுட்டுப் போவ முடியாது இல்ல?"

நாங்கள் நிறுத்தத்தை அடைந்திருந்தோம்.

"பொண்ணுங்க ரெண்டும் ஊட்ல கீது. இன்னா சொல்லி இட்டுக்கினு போறதுன்னுதான் ரோசனை."

பேருந்து வந்தது. தொழிற்சாலை வேலை முடிந்தவர்கள் நிறைந்து, படியிலும் நின்றார்கள். அவள் ஏறும்முன் ஒரு கணம் ஒதுங்கி நின்றாள், பிறகு ஏறினாள். உள்ளே யாரோ இருவர் எழுந்து அவளுக்கு இடம் கொடுப்பது சன்னல் வழியே தெரிந்தது. இருவர் உட்காரும் இருக்கை அது. அவள் ஓரத்தில் அமர்ந்தாள். சன்னல் பக்கம் காலியாக இருந்தது. அவள் யாரையும் தடுக்கவில்லை. கூட்டம் ஒருவரை ஒருவர் நெருக்கிக்கொண்டு நின்றது. நடத்துநர் சீட்டி ஊதினார். பேருந்து நெடுஞ்சாலையை விட்டுக் கிழக்கே திரும்பி மறையும் வரை பார்த்துக்கொண்டு நின்றேன். அந்த இடத்தில் ஒருவரும் உட்காரவில்லை.